இருபத்திரண்டு சிவப்பு வீடுகள்

படித்தவர்கள் யாராவது நோட்டுப் புத்தகத்தோடு உள்ளே நுழைந்து "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்கும்வரை, எந்தத் தெருவும் தன் பிரச்சினையோடு ஓரளவு சமாதானமாகத்தான் இருக்கும். இதை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு தெருவில், இடுப்பளவு பள்ளத்துக்குள் பட்டுச்சேலையோடு நின்றபோது கற்றுக்கொண்டேன். (தெருவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சித்தி தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.)

அப்போது நான் மதுரையில் சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் என்னிடம் பேச்சுக் கொடுத்தவர்கள் பாவம். யாராவது "பக்கத்து வீட்டம்மா நல்ல மாதிரி" என்று சொன்னால் போதும், "அதாவது உங்களிடையே சமூக மூலதனம் வலுவாக இருக்கிறது" என்பேன். ஒரு நாள் அம்மா ரசத்துக்குப் புளி இல்லை, எதிர்வீட்டில் கொஞ்சம் வாங்கி வா என்றாள். அண்டை வீடுகளுக்கிடையே நடக்கும் பரிமாற்றத்தின் சமூகப் பொருளை அவளுக்கு விளக்கிவிட்டுத்தான் புறப்பட்டேன். அன்று எல்லோரும் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

ஆய்வேட்டுக்கு நான் வைத்த தலைப்பு, 'சமூகங்கள் தங்கள் அன்றாடப் பிரச்சினைகளை எதிர்கொள்ளும் முறைகள்: ஒரு தெருவை முன்வைத்து'. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று இதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டபடி, "பிரச்சினைன்னா ஸ்பேனர எடுத்துட்டுப் போயி சரி பண்ணணும். அத எதுக்குத்தா ரெண்டு வருசம் உக்காந்து படிக்கணும்?" என்றார். அவருக்குக் கோட்பாட்டுப் பயிற்சி இல்லை என்று மனதுக்குள் மன்னித்தேன்.

எந்தத் தெரு என்பதை முடிவு செய்தது அம்மா. "பாக்கியம் தெருவுல தண்ணிக்குக் கஷ்டம்னு சொல்லுவா. அங்க போ. வேளாவேளைக்குச் சோறாவது கெடைக்கும்" என்றாள். பாக்கியம் அம்மாவின் தங்கை, என் சித்தி. (ஆய்வேட்டில் இதை 'நோக்கம் சார்ந்த தெரிவு முறை' என்று எழுதினேன்.)

சித்தி தெருவில் இருபத்திரண்டு வீடுகள், இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் பதினொன்று. தெரு மேலிருந்து கீழே சரிந்து இறங்கும். ஐந்து நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் மேல் வீடுகளில் நன்றாக விழும், கடைசி ஏழு வீடுகளுக்கு வருவதற்குள் குழாய் வெறுங்காற்றை ஊதும். அந்த ஏழில் ஒன்று சித்தி வீடு. சித்தப்பா பஸ் கண்டக்டர். பகலெல்லாம் பேசிவிட்டு வருவதால் வீட்டில் அவர் வாயே திறப்பதில்லை. அதையும் சேர்த்துச் சித்தி பேசிவிடுவாள்.

நான் போன நேரத்தில் அந்த வீட்டில் ஒரு விசேஷம் வந்துகொண்டிருந்தது. சித்தி மகள் மீனாவை மம்சாபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, சித்தி வீட்டில். அதன்பிறகு பிரசவத்துக்கு மீனா தாய் வீட்டிலேயே தங்குவதா, திரும்பப் போவதா என்பதுதான் சிக்கல். மீனாவுக்கு அம்மாவோடு இருக்க ஆசை. மாமியார் மம்சாபுரத்தில் பலசரக்குக் கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவர், எதையும் எடை போட்டுத்தான் வாங்குவார். போனில் அவர் சொன்னதை நானே கேட்டேன்.

"தண்ணி வராத தெருவுல பச்சப் பிள்ளைய வச்சிக்கிட்டு என்ன செய்விய? விசேசத்துக்கு வாரேன், பாக்கேன். சரியாப் பட்டா விட்டுட்டுப் போறேன். இல்லைன்னா கையோட கூட்டிட்டு வந்துருவேன்."

"எங்க தெருவுல தண்ணிக்குப் பஞ்சமே கெடையாது சம்பந்தி. நீங்க வந்து பாருங்க" என்றாள் சித்தி.

முந்தின நாள்தான் இதே சித்தி என்னுடைய படிவத்தில் தண்ணீர்க் கஷ்டம் 'மிக அதிகம்' என்று சொல்லியிருந்தாள். 'தகவலாளர் முரண்பட்ட பதில் தருகிறார்' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை.

என் படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. மூன்று வாரத்தில் பத்தொன்பது வீடுகளில் உட்கார்ந்து கேட்டேன். பத்தொன்பது வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள், சில வீடுகளில் சீடை. தகவல்தான் கிடைக்கவில்லை.

"தண்ணீர் வராதபோது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?"

"இருக்கிறத வச்சி ஓட்டுதோம்மா."

"தெருவாகச் சேர்ந்து ஏதாவது முயற்சி எடுத்திருக்கிறீர்களா?"

"அதெல்லாம் என்னத்த எடுக்க. இன்னுங் கொஞ்சம் காப்பி ஊத்தவா?"

ஆகவே, 'இச்சமூகத்தில் கூட்டு முயற்சி என்பது அறவே இல்லை, வெளியிலிருந்து தலையீடு தேவை' என்று முடிவுரையை முதலிலேயே எழுதி வைத்துவிட்டேன். என் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "அந்த நாப்பத்திரெண்டு கேள்வியையும் தூக்கி வச்சிருங்கம்மா. மக்களையே தெருவோட படத்தத் தரையில வரையச் சொல்லுங்க. எந்த வீட்டுல என்ன கஷ்டம்னு அவங்களே கலர் வைக்கட்டும். நீங்க பேசாம நில்லுங்க" என்றார். கடைசி வாக்கியத்தைத்தான் அவர் அழுத்திச் சொன்னார். அதைத்தான் நான் மறந்தேன்.

சாக்பீஸ் எதற்கு, கோலப்பொடி இருக்கிறதே என்று தோன்றியது என் மூளைக்குத்தான். கூடவே இன்னொரு யோசனையும் வந்தது. குடிநீர் அலுவலகத்துக்குப் புதிதாக ஓர் ஓவர்சியர் வந்திருந்தார். இளவயது, வேலையில் துடிப்பு. அவரையும் அழைத்துப் படத்தைக் காட்டினால் என்ன? நானே போய்க் கடிதம் கொடுத்து வந்தேன். சித்தியிடம் சொல்லவில்லை. (அவளுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்றுதான். சிரிக்காதீர்கள்.)

வெள்ளிக்கிழமை காலை தெருவைப் பெருக்கி, தெளித்து, பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். தலைமை ஜெயராணி அக்கா. மேலே முதல் வீட்டுக்காரர், தையல் வேலை செய்பவர். கிறிஸ்துமஸுக்கு அவர் போடும் நட்சத்திரக் கோலத்தைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்தெல்லாம் வருவார்கள். நான் விதிகளை விளக்கினேன். வெள்ளை என்றால் வீடு. நீலம் என்றால் குழாய். தண்ணீர் சரியாக வராத வீட்டுக்குள் சிவப்பை நிரப்ப வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். முதல் அரை மணியில் கடைசி ஏழு வீடுகளில் சிவப்பு ஏறியது. அப்பழுக்கில்லாத தகவல். அப்படியே விட்டிருந்தால் நான் இன்றைக்குப் பெரிய ஆளாகியிருப்பேன்.

ஓவர்சியரை எதிர்கொண்டு அழைக்கத் தெருமுனைக்குப் போனேன். அவர் வரத் தாமதமானது. அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் விசாரித்து அறிந்தேன். ஜெயராணி அக்கா எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் தள்ளி நின்று பார்த்திருக்கிறார்.

"ஏட்டி, கீழ மட்டும் செவப்பு அப்பிக் கெடக்கு, மேல மொட்டையா இருக்கு. பாக்கச் சகிக்கலையே."

"ஆமாக்கா. ஒரு பக்கம் வச்சா மறுபக்கமும் வைக்கணும்லா" என்றிருக்கிறாள் சித்தி.

கோலம் என்றால் இருபக்கமும் ஒத்து நிற்க வேண்டும். பிறந்தது முதல் கைக்குப் பழகிய சட்டம் அது. என் சட்டம் அன்று காலைதான் பிறந்தது. நான் ஓவர்சியரோடு திரும்பி வந்தபோது இருபத்திரண்டு வீடுகளும் சிவப்பாக இருந்தன. நான்கு மூலையிலும் தாமரை, நடுவில் ஒரு மயில், கீழே 'நல்வரவு'. தெருவே ஜொலித்தது.

ஆய்வு செய்கிறவளுக்கு அந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஆனந்தம் வந்தது. இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு வீட்டிலும் தண்ணீர் இல்லை. பத்தொன்பது நேர்காணலில் மக்கள் மறைத்த உண்மை வண்ணத்தில் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு ஓவர்சியருக்கு விளக்கத் தொடங்கினேன். "சிவப்பு என்றால் தண்ணீர் வராத வீடு, சார்."

அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். "எல்லா வீட்டுக்குமா வரலை?"

வந்திருப்பவர் யார் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. அவர் ஜெயராணி அக்காவிடம் திரும்பினார். "மேல் வீடு உங்களுதாக்கா? உங்களுக்குமா வரலை?"

ஜெயராணி அக்கா சித்தியைப் பார்த்தார். சித்தி வானத்தைப் பார்த்தாள். "அது… வார அன்னிக்கு விழும் சார்" என்றார் அக்கா.

"சார், அந்தச் செவப்பு சும்மா அழகுக்கு வச்சது" என்று பின்னால் நின்ற ஒரு பெண் ஆரம்பித்தாள். நான் விடவில்லை. "பயப்படாதீர்கள் அக்கா. உங்கள் குரலை இனி யாரும் அடக்க முடியாது" என்று சொல்லி அவளை அடக்கினேன்.

"அப்ப மெயின் பைப்புலயே அடைப்பு இருக்கு" என்றார் ஓவர்சியர். அங்கேயே நின்று போன் போட்டார். "நாளைக்குக் காலையில ஜேசிபி வந்துரும். தோண்டிப் பாத்துருவோம்." நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. அடித்தட்டு மக்களின் தயக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் வண்டி மறைந்ததும் சித்தி என் மணிக்கட்டைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துப்போனாள். அரிசி டிரம்மின் மூடியைத் திறந்தாள். அரிசிக்கு மேலே, பழைய துண்டு சுற்றி, ஒரு சின்ன மோட்டார் குழந்தை மாதிரி படுத்திருந்தது.

"கூட்டு முயற்சி இல்லைன்னு எழுதினியே, இந்தா பாத்துக்கோ. இதுதான் அது."

குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது. பிடித்தால் மோட்டாரும் போகும், இணைப்பும் போகும். ஆனால் கடைசி ஏழு வீட்டுக்கும் வேறு வழியில்லை. அதனால் ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மோட்டார். தண்ணீர் வரும் நாளில் அது கடைசி வீட்டில் தொடங்கி, வாளிக்குள் உட்கார்ந்து, துண்டு போர்த்திக்கொண்டு, வீடு வீடாக ஏறி வரும். ஆளுக்கு அரை மணி. அந்த நேரத்தில் மேல் வீட்டுக்காரர்கள் தங்கள் குழாயை மூடி வைப்பார்கள். ஜெயராணி அக்கா வாசலில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொள்வார். யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் மற்ற ஆறு பேரும் தங்கள் முறையை விட்டுக்கொடுத்துவிடுவார்கள். தண்ணீர் வரவேண்டிய மறுநாள் சனிக்கிழமை, ஏழு முறையும் சித்திக்குத்தான். சம்பந்தியிடம் "பஞ்சமே கெடையாது" என்று சித்தி சொன்னது இந்தத் தைரியத்தில்.

(என் குறிப்பேட்டில் ஒரு வரி உண்டு: 'இத்தெருவில் ஆண்களின் ஆதிக்கமே மேலோங்கியுள்ளது. "அவிய வந்த பொறவுதான் எங்களுக்குத் தண்ணி" என்று ஏழு பெண்கள் கூறினர்.' அவிய என்று அவ்வளவு மரியாதையாக அவர்கள் சொன்னது மோட்டாரை.)

"என்கிட்ட ஏன் சித்தி சொல்லல?" என்று கேட்டேன்.

"நீதான் தும்முனாக்கூட எழுதுதியே. எப்படிச் சொல்ல? இப்பச் சொல்லு, அந்த ஆபீசர்ட்ட என்னன்னு சொல்லுவோம்? மேல தண்ணி நல்லா விழுதுன்னா, கீழ எப்படிச் சமாளிக்கியன்னு கேப்பாரு. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி."

நான் ஓட்டமும் நடையுமாக ஷேர் ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்குப் போனேன். "சார், தகவலில் ஒரு சின்னப் பிழை. அவ்வளவு மோசமில்லை, தோண்ட வேண்டாம்" என்றேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்கள யாராவது மிரட்டினாங்களா மேடம்?"

"இல்லை சார்."

"மிரட்டினவங்க அப்படித்தான் சொல்லச் சொல்வாங்க. நீங்க தைரியமா போங்க. நான் பாத்துக்கிடுதேன்."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் ஜேசிபி வந்தது. சித்தி வீட்டுக்கு நான்கு வீடு மேலே, தெருவுக்குக் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை தோண்டினார்கள். மயிலும் தாமரையும் மண்ணோடு போயின. உள்ளே பார்த்தால் அடைப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. தோண்டிய வேகத்தில் பைப்பின் மூட்டு ஒன்று கழன்றுகொண்டதுதான் மிச்சம். அந்த அளவில் மூட்டு மதுரையிலிருந்து வர வேண்டும், திங்கட்கிழமை ஆகும் என்றார் ஓவர்சியர். பாவம், அவர் முகமும் செத்துப்போயிருந்தது. அன்றைக்கு வர வேண்டிய தண்ணீர், சித்திக்கென்று தெருவே விட்டுக்கொடுத்த தண்ணீர், மேலேயே அடைக்கப்பட்டது. இப்போது உண்மையிலேயே இருபத்திரண்டு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. என் படம் சரியாகிவிட்டது.

உள் அறையில் மீனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் திரும்பாமலே, "எக்கா, அத்தை என்னையக் கூட்டிட்டுப் போயிருவாக. எனக்குப் பயமா இருக்கு. நான் அம்மாகிட்டதான் இருக்கணும்" என்றாள். என் ஆய்வேடு, என் குச்சி, என் நாற்பத்திரண்டு கேள்விகள் எல்லாவற்றின் மீதும் எனக்கு அருவருப்பாக வந்தது. ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மத்தியானம் சித்தி வீட்டு வாசலில் தெரு கூடியது. இத்தனை நாள் நான் பார்க்கத் தவம் கிடந்த காட்சி. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிவாயிற்று. சமையல் பள்ளத்துக்கு மேலே, ஜெயராணி அக்கா வீட்டுப் பின்பக்கம். அவருடைய அக்கா வீடு அடுத்த தெருவில், அங்கே போர்வெல் இருக்கிறது. அங்கிருந்து ஆளுக்கு ஐந்து குடம். குடிக்கிற தண்ணீரை எதிர்வீட்டு இஸ்மாயில் அண்ணன் தன் லோடு ஆட்டோவில் டிரம் வைத்துக் கொண்டுவருவார். பள்ளத்தின் மேலே போட சென்ட்ரிங் பலகை இரண்டு. யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. மெதுவாக நோட்டை எடுத்தேன்.

"நோட்டக் கீழ வச்சிட்டுக் குடத்தப் பிடி" என்றாள் சித்தி.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஜெயராணி அக்காகூட, "செவப்பு வச்சது நான்தானே தாயி" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். யாராவது நாலு வார்த்தை நன்றாகத் திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். சித்தி மட்டும் எனக்கென்று ஒரு வேலை வைத்திருந்தாள்.

"பலகை ஆடுது. நாளைக்கு நீ பள்ளத்துக்குள்ள நின்னு, வாரவிய ஒவ்வொருத்தரையும் கையப் பிடிச்சுத் தாண்டி விடு. எதுக்குப் பள்ளம்னு கேப்பாக. நீயே பதில் சொல்லு. எனக்கு அடுப்புல வேலை கெடக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை, மாம்பழ நிறப் பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். அடியில் கணுக்கால் அளவு சேறு. தலையில் மல்லிகைப்பூ. மூன்று வாரத்தில் நான் எடுத்த நேர்காணல்கள் பத்தொன்பது. அந்த ஒரே காலையில் என்னை நேர்காணல் எடுத்தவர்கள் நூறு பேருக்குக் குறையாது.

முதலில் வந்தவர்களுக்குக் குழாய் அமைப்பு, பங்கேற்பு முறை, வரைபடத்தின் வரலாறு என்று முழுசாகச் சொன்னேன். பலகையில் நின்றுகொண்டு அவர்களால் அவ்வளவு கேட்க முடியவில்லை. பத்துப் பேருக்குப் பிறகு, "ஆய்வில் ஒரு தவறு" என்று சுருக்கினேன். முப்பது பேருக்குப் பிறகு, "நான்தான்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

"ஏம்மா, மூணு வாரமா ஆராய்ச்சி பண்ணுதியாமே. என்ன கண்டுபிடிச்சே?" என்று கேட்டார் ஒரு மாமா.

"இதைத்தான் மாமா" என்று காலுக்குக் கீழே காட்டினேன்.

அப்பாவும் வந்தார். பலகையில் நின்று, கழன்ற மூட்டைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஸ்பேனர் கொண்டாரலையே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிப்போனார்.

பத்து மணிக்குச் சம்பந்தியம்மா வந்தார். நல்ல கனத்த சரீரம். இரண்டு கையையும் நீட்டினேன். பலகையில் நடுவாந்திரம் வந்ததும் நின்றுவிட்டார். பலகை வளைந்தது. என் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. அவர் கையை விடவுமில்லை, நகரவுமில்லை.

"தண்ணிக்குப் பஞ்சமே இல்லைன்னாக. இது என்னது?"

முந்தின நாள் சித்தப்பா ஒரு பொய் சொல்லிக் கொடுத்திருந்தார். (அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதலும் கடைசியுமான விஷயம்.) கோயில் திருவிழாவுக்காகப் பைப்பு மாற்றுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், பொய் வரவில்லை.

"அத்தை, தண்ணீர் வந்துக்கிட்டுதான் இருந்தது. எப்படி வருதுங்கிறத மட்டும் கேக்காதீங்க, அது தெருக்காரங்க ரகசியம். நான்தான் படிச்ச திமிர்ல எல்லா வீட்டுக்கும் தண்ணி இல்லைன்னு ஆபீசர்ட்ட காட்டிக் கொடுத்து, தெருவையே தோண்ட வச்சிட்டேன். சித்தி மேல தப்பில்லை. மீனா இங்க இருக்கணும்னு ஆசப்படுதா. என்மேல உள்ள கோபத்தை அவமேல காட்டிராதீங்க." இதைச் சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை, இரண்டும் அவரிடம் இருந்தன.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் பெண்கள் நின்று குடங்களைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். காலை ஆராதனை முடிந்து வந்த ஜெயராணி அக்கா, சர்ச்சுக்குக் கட்டிப்போன சேலையோடு, கரண்டியும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தார். லோடு ஆட்டோவிலிருந்து டிரம்மை இறக்க நான்கு வீட்டு ஆண்கள் நின்றார்கள். சம்பந்தியம்மா இதையெல்லாம் நிதானமாகப் பார்த்தார்.

"இவியெல்லாம் ஒங்க சித்திக்குச் சொந்தமா?"

"இல்லை அத்தை. தெருக்காரங்க."

"ம்" என்றார். தாண்டிப்போய்விட்டார்.

மீனாவுக்கு வளையல் அடுக்கியதை நான் பார்க்கவில்லை. பள்ளத்துக்குள் சத்தம் மட்டும் கேட்டது. சாப்பாட்டைக்கூட ஜெயராணி அக்கா இலையில் கட்டிக் கொண்டுவந்து மேலிருந்து நீட்டினார். மூன்று மணி வாக்கில் சம்பந்தியம்மா கிளம்பி வந்தார். பின்னால் சித்தி, சித்தப்பா, அழுது வீங்கிய கண்ணோடு மீனா. பள்ளத்தின் விளிம்பில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார்.

"பிள்ள இங்கயே இருக்கட்டும். ஒரு நா தண்ணி வரலைன்னா தண்ணி சொமக்க இம்புட்டுப் பேரு இருக்காக. எங்க தெருவுல கொழாயத் தொறந்தா கொட்டும், ஆனா ஒரு அவசரம்னா நான் ஒருத்திதான்." பிறகு குனிந்து என்னைச் சுட்டிக் காட்டினார். "ஒண்ணே ஒண்ணு. பிரசவம் முடியிற வரைக்கும் இந்தப் பிள்ளைய மட்டும் ராஜபாளையத்துக்கு அனுப்பிருங்க."

தெருவே சிரித்தது. மீனா அழுகையும் சிரிப்புமாக அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே என்னை பஸ் ஏற்றிவிட்டார்கள்.

ஆய்வேட்டில் முடிவுரையை அடித்துவிட்டு, 'இச்சமூகம் தன் பிரச்சினைகளைத் தானே தீர்த்துக்கொள்கிறது' என்று எழுதினேன். எப்படி என்ற பகுதியைக் காலியாக விட்டேன், சத்தியம் செய்திருக்கிறேனே. ஆதாரம் எங்கே என்று தேர்வாளர் கேட்டார். அரிசி டிரம்மில் என்று சொல்ல முடியாமல் முழித்தேன். போனால் போகிறது என்று பாஸ் போட்டார்கள். இப்போது நான் ஒரு கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிறேன். அந்த மோட்டார் எரிந்துபோய் வெகுநாளாயிற்று. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

அந்த வளைகாப்பு நடந்து இரண்டு வருடம் கழித்து எனக்கு வரன் கொண்டுவந்தது வேறு யாருமில்லை, சம்பந்தியம்மாதான். செட்டியார்பட்டியில் அவருடைய அண்ணன் மகன். "தப்புப் பண்ணுனா ஓடி ஒளிய மாட்டா. பள்ளத்துல எறங்கி நின்னு நாந்தான்னு சொல்லுவா" என்று சிபாரிசு செய்தாராம். மாப்பிள்ளை வீட்டாரிடம் எதையும் மறைக்கவும் இல்லையாம். அவர்கள் தெருவில் மறைக்கவில்லை, பக்கத்துத் தெருவிலும் மறைக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் கூடினாலும், முதல் பந்தி முடிவதற்குள் அந்தக் கதை ஒரு தரம் ஓடிவிடும். சொல்கிறவர் மாறுவார். நான் நின்ற பள்ளம் வருடத்துக்கு ஓர் அடி ஆழமாகிக்கொண்டே வருகிறது.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்த நாளையும் அவர்கள் விடாமல் சேர்த்துச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் வாசலுக்கு வாசல் பெண்கள் நின்று என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரத்தித் தட்டோடு நின்ற என் நாத்தனார், சுற்றுவதற்கு முன்னால் என் காதருகே குனிந்தாள். தெரு சார்பாக அவளைப் பேசச் சொல்லியிருந்தார்களாம்.

"மதினி, எங்களுக்கு ஆறு நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வரும். அதுவே எங்களுக்குப் போதும்."